கையேட்டுக்கு ஓர் இதயம்

வக்கீல் நோட்டீஸ் வந்தபோது, ஒரு வாஷிங் மெஷினின் வடிகட்டியை எப்படிக் கழற்றுவது என்று கமா எழுதிக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. அட்டைப் பெட்டிக்குள் சாதனத்தோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் பரணில் போடுவது, அதை எழுதுகிறவள் அவள். கமா என்பது ஆபீசில் வைத்த பெயர். ஒரு கமா இடம் மாறினால் யாரோ ஒருவர் கை மின்கம்பியில் படும் என்று அவள் ஒரு கூட்டத்தில் விடாமல் வாதாடியதிலிருந்து ஒட்டிக்கொண்டது. பிறகு வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

நோட்டீஸ் வாஷிங் மெஷினைப் பற்றியது அல்ல. பலகணியைப் பற்றியது.

பலகணி ஒரு மென்பொருள். ஸ்கேன் இயந்திரம் மனித உடம்பை, வெங்காயத்தை வட்டம் வட்டமாக நறுக்குவது போல, நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்துத் தள்ளும். அந்தப் படங்களைத் திரும்ப அடுக்கி, முழு உறுப்பாக நிமிர்த்தி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்க உதவுவது பலகணி. யாரும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திறமூலம் என்பார்கள். அதன் மூல நிரலை எழுதியவர் ஒரு கணிதப் பேராசிரியர். பெருத்த உடம்பு, நாற்காலியை விட்டு அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. மூலத்தை எழுதியவர், இருந்த இடத்தை விட்டு அசையாதவர் என்று இரண்டுக்கும் பொருத்தமாக அவரை எல்லோரும் மூலவர் என்றார்கள். பல நாடுகளிலிருந்து சம்பளம் வாங்காமல் உழைத்த அந்தக் கூட்டத்தில் கையேடு கமாவின் பொறுப்பு.

கையேட்டில் அதிகம் பெயர் பெற்றது, பழைய மென்பொருளிலிருந்து பலகணிக்கு மாறுவது எப்படி என்று சொன்ன அத்தியாயம். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய நிறுவனத்தின் விலையுயர்ந்த மென்பொருள்தான் இருந்தது. டாக்டர்களுக்கு அதன் பொத்தான்கள் கையோடு பழகிப் போயிருந்தன. எனவே கமா ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது பக்கம் அந்த நிறுவனத்தின் திரை, வலது பக்கம் பலகணியின் திரை. 'அங்கே இதை அழுத்துவீர்கள், இங்கே இதை அழுத்துங்கள்.' இரண்டு திரையிலும் ஒரே இதயம். நிறுவனம் தன் சோதனைப் பதிப்போடு மாதிரிக்குத் தந்த இதயம் அது. அழகான இதயம். அதைப் பார்த்துத்தான் பல ஊர்களில் மாணவர்கள் வால்வு எது, அறை எது என்று கற்றுக்கொண்டார்கள்.

நோட்டீஸ் மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. எங்கள் திரைகளை அனுமதியின்றி நகலெடுத்திருக்கிறீர்கள். எங்கள் முத்திரையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். சோதித்துப் பார்க்க மட்டும் தந்த மாதிரியை உலகுக்கு வழங்கியிருக்கிறீர்கள். நீக்காவிட்டால், பலகணியைத் தன் கணினிகளில் வைத்திருக்கும் இணையதளத்திடம் முறையிட்டு முழுத் திட்டத்தையும் நீக்கச் சொல்வோம். கீழே ஒரு வரி: 'சோதனைப் பதிப்பை நிறுவியபோது இந்த நிபந்தனைகளை நீங்கள் படித்து ஒப்புக்கொண்டீர்கள்.'

கமா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் படிப்பதில்லை என்று பிழைப்பு முழுக்கப் புலம்புகிறவள், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருக்கிறாள்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு செல்லப்பிராணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கிளிகள் ஓயாமல் கத்தின. மூலவர் வழக்கம் போலத் தன் நாற்காலியிலிருந்தே வீடியோ அழைப்பில் கலந்துகொண்டார். வக்கீலம்மா கையேட்டை முழுவதும் படித்திருந்தார். அதுவே கமாவுக்கு ஆச்சரியம்.

"மூணு தனித்தனி விஷயம் இருக்கு," என்றார் அவர். "அந்தத் திரை, பொத்தான், அதோட அமைப்பு, இதெல்லாம் அவங்க ஆளுங்க உக்காந்து வரைஞ்சது. மூலையில இருக்கறது அவங்க முத்திரை. அதைப் பாத்தா, நீங்களும் அவங்களும் கூட்டாளின்னு யாராவது நெனச்சுக்கலாம். நடுவுல இருக்கற இதயம், சோதிச்சுப் பாக்க மட்டும்னு அவங்க குடுத்தது."

"ஒப்பிட்டுக் காட்டத்தானே போட்டோம்?" என்றார் மூலவர். "பத்திரிகைல விமர்சனம் எழுதறவங்க போடறதில்லையா?"

"போடறாங்க. அப்படி வாதாடலாம். சில நாட்டுல ஜெயிக்கலாம், சில நாட்டுல தோக்கலாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம். ஆனா உங்க சங்கடம் அது இல்ல. கையேட்டோட கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருக்கீங்க?"

கமாவுக்கு அது மனப்பாடம். "'இந்தக் கையேட்டை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.'"

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. உங்க வீட்டு மரத்து மாம்பழத்த ஊருக்கே குடுங்க, புண்ணியம். பக்கத்து வீட்டு மரத்துல பறிச்சதையும் அதே கூடைல போட்டு, எடுத்துக்கோங்க, வித்துக்கோங்க, யாரும் கேக்கமாட்டாங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்க. உங்கள நம்பி எடுத்துட்டுப் போனவங்க கையிலயும் இப்ப அந்தப் பழம் இருக்கு."

யார் யார் எடுத்துச் சென்றார்கள் என்று கமா எண்ணிப்பார்த்தாள். ஒரு நர்சிங் கல்லூரி அந்த அத்தியாயத்தைப் புத்தகமாக அச்சிட்டிருந்தது. முகம் தெரியாதவர்கள் தங்கள் மொழிகளில் பெயர்த்திருந்தார்கள். மலைப்பகுதி ஒன்றில் ஒரு டாக்டர் அதை வைத்து வகுப்பு எடுப்பதாக எழுதியிருந்தார். தன்மேல் கேஸ் வந்தால் வரட்டும். அவள் எழுதியதை நம்பினவர்கள் வாசலில் அது போய் நின்றால்?

அன்று மாலைக்குள் எல்லாப் படங்களையும் நீக்கினாள். பழைய பதிப்புகளிலிருந்தும் எடுத்தாள். எடுத்துச் சென்றவர்களுக்கெல்லாம், மறைக்காமல், நடந்ததைச் சொல்லி எழுதினாள். நிறுவனத்தின் திரைகளுக்குப் பதிலாக வெறும் கோடுகளால் தானே படம் வரைந்தாள். 'மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது பொத்தான்' என்று வார்த்தையால் சொன்னாள். அதற்கு எந்தத் தடையும் இல்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். ஒரு பொருளின் பெயரைச் சொல்லி அதைப் பற்றிப் பேசலாம். அதன் முகத்தை வெட்டி ஒட்டுவதுதான் தகராறு.

ஆனால் பலகணியின் சொந்தத் திரைகளிலும் நிறுவனத்தின் அதே இதயம்தான் இருந்தது. அதை எடுத்ததும் கையேடே பல் விழுந்த வாய் போல ஆகிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வெற்றுக் கட்டம்.

கமா இணையத்தில் வேறு இதயம் தேடினாள். கிடைத்தன. ஒன்றில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றிருந்தது. இன்னொன்றில் 'விற்கக் கூடாது'. அதைக் கையேட்டில் போட்டால் கடைசிப் பக்கமே பொய்யாகிவிடும். வேறொன்றில் எல்லா அனுமதியும் இருந்தது, ஆனால் படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் அழிக்கப்படாமல் நின்றன. தெரியாமல் யார் வீட்டுக் குளியலறைக் கதவையோ திறந்துவிட்டவள் போல அதைச் சட்டென்று மூடினாள். அந்த மனிதரைக் கேட்டார்களா என்று யாருக்குத் தெரியும்?

"ரப்பர்ல செஞ்ச பொம்மை இதயம் இருக்கு, அத ஸ்கேன் பண்ணலாமே," என்றார் மூலவர்.

"பொம்மை துடிக்குமா சார்?"



கமா தன் அம்மாவோடும் அக்காவோடும் மூன்றாம் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தாள். அம்மா ஒரு சலவை நிலையத்தில் துணி வாங்கிக்கொடுக்கும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். உரத்த குரல், எதற்கும் ஒரு கிண்டல், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. ஒரு நாள் சாப்பிடும்போது அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி இஞ்சி தின்ன மாதிரி உக்காந்திருக்க?"

"எனக்கு ஒரு இதயம் வேணும்."

"அதுக்குத்தான் கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்றோம். கேட்டாத்தானே."

கமா சிரிக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னாள். அக்கா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, உப்பை எடுத்துத் தா என்கிற குரலில் சொன்னாள்: "என்னோடத எடுத்துக்கோ. அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன் இருக்குல்ல."

அம்மாவின் கை தட்டில் அப்படியே நின்றது.

அக்கா பிறந்தபோது நீலமாக இருந்தாள். இதயத்தின் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகலாக இருந்தது. நடக்கப் பழகும் முன்பே நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தழும்பு தெரியாத சட்டைகளாக அம்மா பார்த்துப் பார்த்து வாங்குவார். சில வருடங்களுக்கு ஒருமுறை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வருவாள். 'நல்லா இருக்கு' என்ற ஒரு சொல்லை அம்மா வாங்கிக்கொள்வார். அதோடு கதவு மூடிவிடும்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் அம்மா. "நாளைக்கு பஸ்ல ஏறறவங்க, டிரைவருக்கு நெஞ்சுல ஓட்டைன்னு சொல்லமாட்டாங்களா?"

"ஓட்டை இல்லம்மா. அத அடைச்சாச்சு. டிப்போ டாக்டருக்கு எல்லாம் தெரியும். வருஷா வருஷம் பாத்துட்டுத்தான் வண்டியக் குடுக்கறாரு."

"டாக்டருக்குத் தெரியறது வேற. ஊருக்குத் தெரியறது வேற."

"ஊருக்கு என் பேரா தெரியப் போகுது? இதயம்தானே."

அம்மா எழுந்து போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார். அந்தச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

அக்காவை வக்கீலம்மா எதிரே உட்காரவைத்துப் பேசினார். கமாவை வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தங்கைக்காக ஒப்புக்கொள்வது ஒப்புதல் ஆகாது என்பது அவர் கட்சி.

"இத நல்லாக் கேட்டுக்கோங்க. பேரு, பிறந்த தேதி, ஆஸ்பத்திரி நம்பர் எல்லாத்தையும் எடுத்துடுவோம். ஆஸ்பத்திரியும் எழுத்துல சம்மதிக்கணும், கேட்டிருக்கேன். ஆனா ஒரு தடவை வெளிய விட்டா விட்டதுதான். பத்து வருஷம் கழிச்சு மனசு மாறினாலும் திரும்ப வாங்க முடியாது. யாரு வேணா நகலெடுப்பாங்க."

"அதுல மீசை வரைஞ்சா?"

"வரையலாம்."

"வித்தா?"

"விக்கலாம். உங்களுக்கு ஒரு பைசா வராது. உங்கள அடையாளம் தெரிஞ்சவங்க, இது உன்னோடதான்னு கேக்கவும் கேக்கலாம்."

கீழே கிளிகள் சண்டையிட்டன.

"எனக்கு ஆபரேஷன் பண்ணாரே ஒரு டாக்டர்," என்றாள் மெதுவாக. "அவரு என் நெஞ்சத் தொறக்கறதுக்கு முன்னாடி எங்கயாவது இதையெல்லாம் பாத்துக் கத்துக்கிட்டிருப்பாருல்ல? அது யாரோ ஒருத்தரோட இதயமாத்தானே இருந்திருக்கும். அவங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

வக்கீலம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "யோசிச்சுட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார். அக்கா அந்த வாரமே மறுபடி வந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்கேன் அன்று காலை அம்மா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டார். "சும்மா வந்தேன்," என்றார். நடைபாதை பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் டெக்னீஷியனோடு கமா நிற்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். அந்தப் பக்கம் வெள்ளைக் குழாய்க்குள் அக்கா. யாரோ சுத்தியலால் தகரத்தை அடிப்பது போல இயந்திரம் இடித்தது, நின்றது, வேறு தாளத்தில் மறுபடி இடித்தது. டெக்னீஷியன் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்: "மூச்ச உள்ள இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க." ஊருக்கே அடங்காத அந்த வாய், சொன்ன சொல்லுக்கு மூச்சை நிறுத்திக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு முறையும் கமாவும் தன்னை அறியாமல் மூச்சை நிறுத்தினாள்.

டாக்டர் முதலில் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அடுத்த முறை வந்தால் போதும் என்றார். அதன் பிறகு டெக்னீஷியன், ஆஸ்பத்திரி எழுத்தில் சம்மதித்திருந்தபடி, பெயர் நீக்கிய படங்களைக் கமாவின் மடிக்கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடிப் பேசும் சின்ன அறை ஒன்று காலியாக இருந்தது. ஜன்னலில் வெயில் அடித்தது. அக்கா ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மூலவர் வீடியோவில் காத்திருந்தார்.

கமா பலகணியைத் திறந்தாள். படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. முதலில் சாம்பல் நிற மூட்டம்; பிறகு ஓரங்கள் தெளிந்தன; பிறகு அது நிமிர்ந்தது. அவள் படத்தை ஓட்டும் பொத்தானை அழுத்தினாள்.

துடித்தது.

ஆண்டுக்கணக்கில் அந்த நிறுவனத்தின் இதயத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியவள் அவள். 'அறை சுருங்குவதைக் கவனிக்கவும்' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவள். இப்போது அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். ஈரத்துணியைப் பிழிவது போல அந்தத் தசை தன்னைத் தானே முறுக்கி, விட்டு, முறுக்கியது. இரத்தம் வெளிச்சமாக உள்ளே பாய்ந்தது. வால்வின் இதழ்கள் மீன் வாய் போலத் திறந்து மூடின. பிறந்ததிலிருந்து கூட இருந்த அக்கா. ஒரே கட்டிலில் போர்வைக்குச் சண்டை போட்ட அக்கா. அந்தச் சண்டைகளின் போதெல்லாம் இது உள்ளே இப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது, யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல்.

வீடியோவில் மூலவர் எழுந்து நின்றார். அவர் முகம் திரையை விட்டு மேலே போய், இடுப்பு பெல்ட் மட்டும் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இது நானா?" என்றாள் அக்கா. கிண்டல் எதுவும் வரவில்லை.

கதவருகில் ஏதோ அசைந்தது. அம்மா. எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். டெக்னீஷியன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அம்மா உட்காரவில்லை.

"அங்க ஒரு எடம் அசையல," என்றார் அம்மா. "ஏன்?"

கமா உற்றுப் பார்த்தாள். நடுச்சுவரில் ஒரு மெல்லிய கோடு. சுற்றிலும் எல்லாம் முறுக்கி விரிந்தபோது அது மட்டும், ஆற்றில் கிடக்கும் பலகை போல, கூட மிதந்ததே தவிரத் தானாக அசையவில்லை.

"அதுதாம்மா அவங்க வெச்ச ஒட்டு," என்றார் டெக்னீஷியன். "ஓட்டைய அடைக்கறதுக்குத் துணி மாதிரி ஒண்ண வெச்சுத் தெச்சிருப்பாங்க. அதுக்கு உயிர் கிடையாது. அதனால துடிக்காது."

"அப்ப இவ நெஞ்சு எவ்வளவு பெரிசு இருந்திருக்கும்?"

"அந்த வயசுலயா? ஒரு சின்ன எலுமிச்சம்பழம்னு வெச்சுக்கோங்க."

"அந்த ஒட்டு?"

"அது வளராதும்மா. அன்னிக்கு எவ்வளவோ, இன்னிக்கும் அவ்வளவுதான். அன்னிக்குச் சுவர்ல பாதிய அதுதான் அடைச்சிருக்கும். இப்ப பாருங்க, ஒரு மூலையில கிடக்குது."

அம்மா திரைக்கு இன்னும் கிட்டே போனார்.

"மிச்சமெல்லாம்?"

"மிச்சமெல்லாம் அவங்களே வளத்ததும்மா. அத நடுவுல வெச்சுக்கிட்டே சுத்தி வளத்திருக்காங்க."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். இதயம் திரையில் போய்க்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

"கதவுக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனாங்க," என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல். "போறப்ப உதடு நாவல்பழம் மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்தப்ப செவந்திருந்துச்சு. நடுவுல என்ன செஞ்சாங்கன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டா கலைஞ்சிடுமோன்னு பயம். இத்தன வருஷமும் அதே பயம்." பிறகு அக்காவின் முழங்கையைப் பிடித்தார். "இவ்வளவு வேலை நடந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல பாரு."

அக்கா தன் சட்டையின் மேல் பட்டனைத் தொட்டாள். "எனக்கே இன்னிக்குத்தான்மா தெரியுது."

வெளியே வந்தபோது அம்மா கமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த ஒட்ட எடுத்துட்டு, நல்ல இதயம் மாதிரி காட்டிடமாட்டியே?"

"இல்லம்மா. உள்ளது உள்ளபடிதான்."

"அப்ப சரி. போடு."

கமா கையேட்டை முதலிலிருந்து எழுதினாள். நிறுவனத்தின் இதயத்தில் ஒழுங்கான அறைகள் மட்டும் இருந்தன. எனவே கையேடும் ஒழுங்கான இதயத்துக்கு மட்டும் வழி சொன்னது. இப்போது ஒட்டு இருக்கும் இடத்தை எப்படித் தேடுவது, அசையாத இடத்தை எப்படி அளப்பது, தைத்த இடம் கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று புதிய பக்கங்கள் முளைத்தன. மூலவர் அவற்றுக்காக நிரலில் புதுக் கருவி ஒன்றே செய்துகொடுத்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் அது எங்கிருந்து வந்தது, யார் அனுமதித்தார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதை இனித் திட்டத்தின் சட்டமாக வைத்தார்கள். இதயத்தின் கீழே என்ன போடுவது என்று அக்காவைக் கேட்டாள். "'ஒரு பேருந்து ஓட்டுநரின் இதயம். அவரே விரும்பிக் கொடுத்தது.' அது போதும்," என்றாள் அக்கா.

நிறுவனத்திடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. மாற்றங்களைப் பார்த்தோம், விஷயத்தை முடித்துக்கொள்கிறோம் என்றது. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சில மாதங்கள் கழித்து மூலவர் ஒரு சுட்டியை அனுப்பினார். அதே நிறுவனம் இளம் டாக்டர்களுக்கு நடத்திய பயிற்சியின் காணொளி அது. அவர்களுடைய திரையில், அவர்களுடைய பொத்தான்களுக்கு நடுவே, அக்காவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கீழே எழுத்துப் பிசகாமல் அந்த வரி: ஒரு பேருந்து ஓட்டுநரின் இதயம்.

கமா படபடப்போடு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். "நம்மளக் கேக்காம எடுத்திருக்காங்களே?"

"கேக்க வேண்டியதே இல்ல," என்றார் அவர். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "யாரு வேணா எடுத்துக்கலாம்னுதானே குடுத்தீங்க. யாரு வேணான்னா அவங்களும்தான். எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க பாருங்க, அது போதும்."

அக்காவிடம் காட்டியபோது அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "நம்மள மெரட்டினவங்க வீட்டுல போயி வேலை பாத்துட்டிருக்கா பாரு," என்றாள், இதயத்தை ஏதோ தங்கை மாதிரி.

மலைப்பகுதியில் வகுப்பெடுத்த அந்த டாக்டர் கமாவுக்கு எழுதினார். புதுக் கையேட்டை வைத்து மாணவர்களுக்கு ஒரு நாள் பாடம். இதயத்தைக் கொடுத்தவர் வந்து பார்க்க விரும்புவாரா? யார் என்று சொல்ல வேண்டியதில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அக்கா டிப்போ ஓய்வறையில், சீருடையோடு, கமாவின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். தன் முகம் தெரியாதபடி காமிராவை மூடச் சொன்னாள்.

திரையில் நீளமான ஓர் அறை தெரிந்தது. வரிசை வரிசையாகப் பழைய கணினிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு மூன்று மாணவர்கள். டாக்டர் ஏதோ சொன்னார். அறை முழுக்க மாணவர்கள் பொத்தானை அழுத்தினார்கள். எல்லாத் திரைகளிலும் அது துடிக்கத் தொடங்கியது. சில கணினிகள் வேகம், சில மெதுவு. ஒன்று சுருங்கும்போது இன்னொன்று விரிந்தது. அறை முழுவதும் ஒரே இதயம், ஒவ்வொரு மேசையிலும் தன் போக்கில். ஒரு பெண் முன்னால் சாய்ந்து, அசையாத அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். விரலால் திரையைத் தொட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினாள். பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கிப் போனது.

கமா அக்காவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது.

"எத்தன ஓடுது பாரு," என்றாள் அக்கா கடைசியில். "ஒண்ணு கூட ஒண்ணோட சேந்து ஓடல. நம்ம டிப்போ மாதிரியே."

அப்போது ஒரு மாணவன் டாக்டரிடம் ஏதோ கேட்டான். டாக்டர் காமிராவின் பக்கம் திரும்பி, "இவங்க இப்ப நல்லா இருக்காங்களான்னு கேக்கறான்," என்றார்.

அக்கா கமாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி காமிராவின் மூடியை அவளே திறந்தாள்.

"நல்லா இருக்கேன்ப்பா," என்றாள். "இதோ, வண்டி எடுக்கணும். நீங்க பாருங்க."

எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அந்த அறையில் அது ஓடிக்கொண்டே இருந்தது.